அறுந்த முனையைப் பாருங்கள்: கொழும்புக் கரையில் தூண்டில் போடத் தொடங்குவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரை தண்டவாளத்துக்கும் கடலுக்கும் இடையே அடுக்கப்பட்டிருக்கும் கருங்கற்களின் மேல், வேலை முடிந்த மாலை வேளைகளில், புதிதாக வாங்கிய தூண்டில் தடியோடு வந்து நின்று ஒரு மணித்தியாலத்துக்குள் மூன்று ஈயங்களையும் பொறுமையையும் இழந்து திரும்புகிறவர்கள் பலர். அடுத்த வாரம் அவர்கள் புறக்கோட்டைக்குப் போய் இன்னும் தடித்த தங்கூசி என்ற நைலோன் நூலும் இன்னும் பாரமான ஈயமும் வாங்கி வருவார்கள். குறை மட்டும் அப்படியே இருக்கும். நானும் ஒரு பருவம் முழுவதும் அப்படித்தான் செலவழித்தேன். முகத்துவாரத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு முதியவர், நான் அறுந்த நூலை வெட்டி எறியப் போனதைக் கண்டு, “தம்பி, எறியாதீங்க, முதல்ல அந்த முனையைப் பாருங்க” என்று சொன்னதிலிருந்துதான் எனக்கு இந்த வேலை பிடிபடத் தொடங்கியது.

இங்கே ஒவ்வொரு குறையும் கரையில் நிற்பவருக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே தலைப்பாக வைக்கப்பட்டிருக்கிறது. ஒன்பது அல்லது பத்து அடித் தடி, 4000 அளவுள்ள ஸ்பின்னிங் றீல், 0.40 மில்லிமீற்றர் தடிப்பும் ஏறத்தாழ 20 இறாத்தல் தாங்கும் வலுவும் கொண்ட தங்கூசி, இரண்டு முதல் மூன்று அவுன்ஸ் வரையான ஈயம் ஆகியவை உங்களிடம் இருப்பதாகக் கொள்கிறேன். தொடங்குகிறவருக்கு இதற்கு மேல் தேவையில்லை.

நூல் அறுந்துவிட்டது, ஏன் என்று தெரியவில்லை

அறுந்த முனையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பிறகு விரல் நகத்தால் கடைசி ஒரு மீற்றரையும் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முனை பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் நூல் அறவில்லை, முடிச்சு நழுவியிருக்கிறது; அதற்குத் தடித்த நூல் மருந்தாகாது, ஏனெனில் நூல் தடிக்கத் தடிக்க முடிச்சை இறுக்குவதும் கடினமாகும். முனைக்கு மேலே உள்ள பகுதி சொரசொரப்பாக, வெள்ளை பூத்தாற்போல் இருந்தால் அது கல்லில் உரசியது. கத்தரியால் நறுக்கியதுபோல் நேராக வெட்டுண்டிருந்து, மேற்பகுதி வழவழப்பாகவே இருந்தால் அது பல்லின் வேலை. நம் கரையில் அப்படிக் கடிப்பவை பெரும்பாலும் பேத்தையும் சீலாவும்தான். இவற்றுள் எதுவும் இல்லாமல், நூல் இழுபட்டு மெலிந்து அறுந்திருந்தால், வலுவுக்கு மிஞ்சிய பாரம் விழுந்திருக்கிறது அல்லது நூல் பழசாகிவிட்டது.

முடிச்சு நழுவியதாகத் தெரிந்தால், கட்டிய முடிச்சை இறுக்குவதற்கு முன் எச்சிலாலோ நீராலோ நனைக்கிறீர்களா என்பதைக் கவனியுங்கள். உலர்ந்த தங்கூசியை வேகமாக இறுக்கும்போது உராய்வின் சூட்டில் அந்த இடமே பலவீனப்படுகிறது. யுனி முடிச்சு ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டும் அளவுக்கு வீட்டிலிருந்தே பழகிக்கொண்டால் கரையில் வேறெதுவும் தேவைப்படாது. பிரெயிட் எனப்படும் பின்னல் நூலைப் பயன்படுத்துவோர் அதே முடிச்சுக்கு இன்னும் இரண்டு மூன்று சுற்றுகள் கூட்ட வேண்டும், அல்லது பலோமார் முடிச்சைக் கற்க வேண்டும். அந்த நூல் வழுக்குவது. என் கருத்தில், கற்கள் நிறைந்த கொழும்புக் கரையில் தொடங்குகிறவர் பின்னல் நூலை முதலாண்டில் தொடாமல் இருப்பதே நல்லது. அது மீனின் தட்டலை நன்றாகக் கைக்குக் கொண்டுவரும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு சிப்பி ஒட்டிய கல்லின் விளிம்பில் பட்டால், அதே வலுவுள்ள தங்கூசி தாங்கும் நேரத்தில் பாதியைக்கூட அது தாங்குவதில்லை.

கல்லில் உரசியிருந்தால், உரசிய பகுதி முழுவதையும் வெட்டி நீக்குங்கள். ஒரு முழம் நூலை மிச்சம் பிடிக்கப் போய் அடுத்த மீனை விட வேண்டாம். கொளுக்கிக்கு மேலே 40 இறாத்தல் தங்கூசி ஒரு மீற்றர் அளவுக்கு இருந்தால் உரசலும் ஓரளவு பல்லும் தாங்கும். சீலா தொடர்ந்து வெட்டுகிற நாட்களில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய எஃகுக் கம்பியைச் சேர்க்கலாம். எல்லா நாளும் கம்பியோடு போட்டால் கண்ணுள்ள மற்ற மீன்கள் கிட்ட வராது.

நூல் பழசாகியிருக்கிறதா என்பதை அறிய, இரு கைகளிலும் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு துண்டை இழுத்துப் பாருங்கள். வெயிலில் வாகனத்தின் பின் கண்ணாடியோரம் கிடந்த தங்கூசி, கடையில் வாங்கியபோது இருந்த வலுவில் இருக்காது.

எறியும்போதே நூல் அறுந்து ஈயம் பறந்துவிடுகிறது

இது மற்றக் குறைகளைப் போன்றதன்று. மூன்று அவுன்ஸ் ஈயம் ஒரு மனிதரின் தலையில் பட்டால் என்ன நடக்கும் என்பதை நினைத்துக்கொண்டு, காரணம் தெரியும்வரை எறிவதை நிறுத்த வேண்டும். காரணங்கள் பெரும்பாலும் மூன்று. ஒன்று, எறியும் வேகத்தில், நூலைப் பிடித்துச் சுருளில் ஏற்றும் றீலின் வளைகம்பி தானாக மூடிக்கொள்கிறது. அதன் சுருள்வில் தளர்ந்திருக்கலாம், அல்லது கைப்பிடி எறியும்போது சுழலும் நிலையில் இருந்திருக்கலாம். இரண்டு, சுட்டுவிரல் நூலைத் தாமதமாக விடுகிறது. மூன்று, பாரத்துக்கு ஏற்ற முன்நூல், அதாவது பிரதான நூலின் முனையில் கட்டும் தடித்த நூல், இல்லை.

மூன்றாவதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: ஈயத்தின் ஒவ்வோர் அவுன்சுக்கும் பத்து இறாத்தல். ஆகவே மூன்று அவுன்ஸ் ஈயத்தை ஓங்கி எறிய விரும்பினால், பிரதான நூல் எதுவாயினும், அதன் முனையில் 30 இறாத்தலுக்குக் குறையாத முன்நூல் இருக்க வேண்டும். அந்த முன்நூல், எறியத் தயாராக நிற்கும்போது றீலின் சுருளில் நான்கைந்து சுற்றாவது கிடக்கும் அளவுக்கு நீளமாக இருந்தால்தான் எறிதலின் அதிர்ச்சியை அது தாங்கிக்கொள்ளும். குட்டையாக இருந்தால் இணைப்பு முடிச்சிலேயே அறுந்துவிடும்.

இன்னொன்று, இந்தக் கரைக்கே உரியது. உங்கள் முதுகுக்குப் பின்னால் ரயில் ஓடுகிறது. அலுவலக நேரத்து ரயில்களின் மிதிபலகைகளில் ஆட்கள் தொங்கிக்கொண்டு வருவார்கள்; பின்னோக்கிச் சாய்த்த பத்தடித் தடியும் அதன் நுனியில் தொங்கும் ஈயமும் கொளுக்கியும் அவர்கள் முகத்துக்கு நேரே நிற்கும். தண்டவாளத்துக்கு அருகில் நின்று எறிய வேண்டிய இடத்தில் எறியவே கூடாது. வேறு வழியில்லாமல் கற்களின் நடுவே நின்றாலும், இரு திசையும் பார்த்து, ரயில் சத்தம் இல்லை என்று உறுதி செய்த பிறகே தடியைத் தூக்குங்கள். கடற்காற்றும் அலைச்சத்தமும் சேர்ந்த வேளையில் ரயில் வருவது காதில் விழாது என்பதையும் மறக்க வேண்டாம்.

நூல் குலைந்து குருவிக்கூடு போலாகிறது

சுருளில் நூல் விளிம்பு வரை நிரம்பியிருந்தால் எறியும்போது ஒன்றன்மேல் ஒன்றாக வளையங்கள் கழன்று வரும். விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் கீழே நூல் நிற்க வேண்டும். அளவு சரியாக இருந்தும் குலைகிறதென்றால், எறிந்த பின் வளைகம்பியை எப்படி மூடுகிறீர்கள் என்று பாருங்கள். கைப்பிடியைச் சுற்றி மூடுகிறவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். முதல் சுற்றிலேயே ஒரு தளர்ந்த வளையம் உள்ளே போய்விடுகிறது, அது ஐந்தாறு எறிகளுக்குப் பிறகு ஒரு கட்டாக வெளியே வருகிறது. இடது கையால் கம்பியை மூடி, நூலை ஒருமுறை இழுத்து இறுக்கி, பிறகு சுற்றுங்கள். தென்மேல் காற்று முகத்தில் அடிக்கும் மாதங்களில் இந்த ஒரு பழக்கமே பாதி நூலைக் காப்பாற்றும்.

நூல் தானாகவே முறுக்கிக்கொண்டு, தளர்த்தினால் சுருண்டு விழுகிறதென்றால், அது முறுக்கேறிய நூல். மீன் இழுக்கும்போது, டிராக் எனப்படும் இழுவைத் தடுப்பு நூலை விட்டுக்கொண்டிருக்கையிலேயே கைப்பிடியைச் சுற்றுவது இதற்கு முதற் காரணம்; ஒவ்வொரு சுற்றும் நூலுக்கு ஒரு முறுக்கைக் கொடுக்கிறது, மீனோ ஓர் அங்குலமும் வருவதில்லை. நூல் ஓடும் சிறிய உருளை உப்பேறிச் சுழலாமல் நிற்பது இரண்டாவது காரணம். முறுக்கை நீக்க, காலையில் ஆட்கள் வருமுன் காலிமுகத்திடல் போன்ற நீண்ட புல்வெளியில், முனையில் எதையும் கட்டாமல் ஐம்பது அறுபது மீற்றர் நூலை இழுத்து விரித்து, இரு விரல்களுக்கிடையே மெல்லப் பிடித்தபடி மீண்டும் சுற்றினால் போதும்.

ஒவ்வோர் எறிக்கும் ஈயம் கல்லில் சிக்குகிறது

கொழும்பின் கரையில் இது முற்றாக நீங்கக்கூடிய குறையல்ல, குறைக்கக்கூடியது. நீர் வற்றிய நேரத்தில், தூண்டில் இல்லாமல், ஒரு மாலைப் பொழுதை வெறுமனே பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். எங்கே அலை எப்போதும் ஒரே இடத்தில் உடைகிறதோ அங்கே கல். அதற்கு இரு பக்கமும் நீர் கறுத்துத் தட்டையாகக் கிடக்கும் இடத்தில் மணல் அல்லது பள்ளம். அந்தக் கறுத்த பட்டைக்குள் ஈயம் விழுந்தால் சிக்குவது அரிது. திருப்பி இழுக்கும்போது தடியை உயரத் தூக்கி, நிறுத்தாமல் வேகமாகச் சுற்றுங்கள். நடுவில் ஓய்ந்தால் ஈயம் கீழே இறங்கி, கற்களுக்கிடையே குடியேறிவிடும்.

சிக்கிய ஒவ்வொரு முறையும் கொளுக்கி, முன்நூல், ஈயம் எல்லாவற்றையும் இழக்காதிருக்க, ஈயத்தை மட்டும் ஏழெட்டு இறாத்தல் வலுவுள்ள மெல்லிய நூலில் கட்டலாம். சிக்கினால் அது மட்டும் அறும், மற்றவை கைக்கு வரும். ஆனால் அப்படிக் கட்டியபோது ஓங்கி எறியக்கூடாது என்பதை மேலே சொன்னதோடு சேர்த்து வாசியுங்கள். மெல்லிய நூல் எறியும் வேகத்திலேயே அறுந்துவிடும். கையைத் தாழ்த்தி மெல்லத் தூக்கிப் போடுவதற்கே அது உரியது. கராஜ்களில் கழித்துப் போடும் ஸ்பார்க் பிளக்குகளும், துருப்பிடித்த பெரிய நட்டுகளும் ஈயத்தின் வேலையை நன்றாகவே செய்யும்; இழந்தால் வருத்தமும் இல்லை. ஈயத்தைப் பற்றிய ஒரு சொல்: சிறு ஈய மணிகளைப் பல்லால் கடித்து மூடும் வழக்கம் இங்கே பலரிடம் உண்டு. அது நஞ்சு, குறடு எடுத்துச் செல்லுங்கள்.

சிக்கியதை அறுக்கும்போது தடியை வளைத்து இழுத்தால் தடிதான் உடையும். தடியைச் சிக்கிய திசைக்கே நேராக நீட்டி, சுருளைக் கையால் அழுத்திப் பிடித்து, மெல்லப் பின்வாங்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். இங்கே பின்வாங்கினால் தண்டவாளம் வரும். ஆகவே நின்ற இடத்திலேயே, ஒரு கட்டையில் அல்லது தடித்த துணியில் நூலைச் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுங்கள். வெறுங்கையில் சுற்றவே வேண்டாம். அறும்போது ஈயம் திரும்பிப் பாய்ந்து வரக்கூடும்.

இரை மட்டும் காணாமல் போகிறது

கொளுக்கி வெறுமையாக வருவது நல்ல செய்திதான். மீன் இருக்கிறது, வாய்தான் சிறியது. உரித்த இறாலை ஐந்து நிமிடத்தில் கொத்தித் தின்றுவிடக்கூடிய சிறு மீன்களும் நண்டுகளும் இந்தக் கற்களுக்கிடையே நிறைய உண்டு. முதலில் கொளுக்கியைச் சிறிதாக்கிப் பாருங்கள். 2/0 இல் இருந்து 1 ஆம் இலக்கத்துக்கு இறங்கினால், அதுவரை திருடிக்கொண்டிருந்தது என்ன என்பதாவது தெரியவரும். அது கைவிரல் நீள மீன் என்றால் இடத்தை மாற்றலாம்.

இரையைக் கடினமாக்குவது அடுத்த வழி. கணவாயை விரல் அகலப் பட்டியாக அறுத்து இரண்டு இடத்தில் குத்தினால் அது எளிதில் கழலாது. சந்தையில் வாங்கும் இறாலை முதல் நாள் இரவே கல்லுப்பில் புரட்டி வைத்தால், நீர் வற்றிச் சதை இறுகி, எறியும்போதும் உதிராது. சாளைத் துண்டைப் போட விரும்புவோர் தையல் நூலால் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிக் கட்ட வேண்டும். அதன் வாசம் சிறப்பானது, சதையோ புட்டுப் போலப் பிதிர்வது. நண்டுதான் திருடுகிறது என்று தோன்றினால் கொளுக்கிக்கு அருகே ஒரு சிறு தக்கைத் துண்டைக் கோத்து, இரை தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்து மிதக்கும்படி செய்யுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். வெறுங்கொளுக்கியோடு அரை மணி நேரம் காத்திருப்பது பொறுமை ஆகாது.

தட்டுகிறது, ஆனால் கொளுவவில்லை

கொளுக்கியின் கூரைப் பெருவிரல் நகத்தின் மேல் மெல்ல வைத்து இழுங்கள். நகத்தில் பற்றி நின்றால் கூர்மை போதும். வழுக்கினால் அதை அரத்தில் தீட்டுங்கள் அல்லது எறிந்துவிட்டுப் புதியது கட்டுங்கள். கல்லில் ஒருமுறை பட்ட கொளுக்கி பெரும்பாலும் வழுக்கும். கூர் சரியாக இருந்தால், அது இரைக்குள் புதைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். கூர்முனை வெளியே தெரிய வேண்டும். மீன் கண்டுவிடும் என்று அதை மறைப்பவர்களுக்கே மீன் கொளுவுவதில்லை.

இரண்டும் சரியென்றால் குறை நூலின் வளைவில் இருக்கும். கரையோர நீரோட்டம் ஈயத்துக்கும் தடிக்கும் இடையே உள்ள நூலை வில்போல் பக்கவாட்டில் தள்ளிவிடுகிறது. நீங்கள் தடியைச் சட்டென்று உயர்த்தி வெட்டி இழுக்கும்போது அந்த வளைவுதான் நிமிர்கிறது, கொளுக்கி அசைவதில்லை. ஈயத்தை ஓர் அவுன்ஸ் கூட்டி, தடியின் நுனியை உயர்த்தி, வளைவைச் சுற்றி எடுத்துவிட்டு இழுங்கள். முனை உள்நோக்கி வளைந்த வட்டக் கொளுக்கி போட்டிருப்பவர் வெட்டி இழுக்கவே கூடாது. மீன் பாரமாக இழுக்கத் தொடங்கியதும் நிதானமாகச் சுற்றினால் அது தானாக வாயோரத்தில் பதியும்.

கொளுவிய மீன் கரைக்கு வருமுன் தப்பிவிடுகிறது

டிராக்கைக் கையால் இழுத்துப் பார்த்து “சரிதான்” என்று மதிப்பிடுவதுதான் இங்கே வழக்கமான தவறு. நூலின் வலுவில் கால் பங்குக்கு அண்மையில் அது நழுவத் தொடங்க வேண்டும். 20 இறாத்தல் என்பது ஏறத்தாழ ஒன்பது கிலோ; அதன் கால் பங்கு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். இரண்டு லீற்றர் போத்தல் ஒன்றை நீரால் நிரப்பி நூலின் முனையில் கட்டி, தடியைச் சாய்வாகப் பிடித்து மாடிப்படியில் நின்று தூக்குங்கள். போத்தல் தரையை விட்டு மெல்ல எழும்பி, கொஞ்சம் உலுக்கினால் நூல் விட்டுக்கொடுக்கிறதென்றால் அளவு சரி. அந்த நிலையில் கைக்கு அது தளர்வாகவே தோன்றும், தோன்றட்டும். ஒரு பாரைக் குட்டி கூடக் கற்களை நோக்கி ஓடும்போது, மிக இறுக்கிய நூலை அறுத்துவிடும்.

தப்புதலில் பாதி, கடைசி மூன்று மீற்றரில் நிகழ்கிறது. நீருக்குள் பாரமற்றிருந்த மீனைக் கல்லின் மேல் தூக்கும்போது அதன் முழுப் பாரமும் நூலில் விழுகிறது. எறிவதற்கு முன்பே மீனை எந்தக் கல்லில் ஏற்றுவது என்று பார்த்து வையுங்கள். உள்ளே வரும் அலையோடு சேர்த்து மீனைக் கொண்டுவந்து, அலை பின்வாங்கும்போது அது கல்லில் தங்கும்படி நூலை இறுக்கிப் பிடியுங்கள். அல்லது நீண்ட கோலில் கட்டிய கைவலையுடன் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். மீனுக்காகக் கீழ்க் கல்லுக்கு இறங்க வேண்டாம்.

நிற்கும் கல் நனைந்திருக்கிறது

இதற்குப் பிழை நீக்கம் ஒன்றுதான்: அங்கே நிற்காதிருத்தல். மழை பெய்யாத நாளில் ஒரு கல் நனைந்திருந்தால் அண்மையில் ஓர் அலை அதன் மேல் வந்து போயிருக்கிறது, இன்னொன்றும் வரும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் இந்தக் கரை கொந்தளிப்பாகவே இருக்கும். ஆனால் மற்ற மாதங்களிலும், காற்றே இல்லாத தெளிந்த நாளில், தொலைதூரத் தென்கடலில் எழுந்த நீண்ட அலைகள் இங்கே வந்து மோதுவதுண்டு. அவை கூட்டமாக வரும், இடையில் பல நிமிடங்கள் கடல் அமைதியாகக் கிடக்கும். ஆகவே வந்ததும் எறியத் தொடங்காமல், கால் மணி நேரமாவது நின்று பார்த்து, அதில் வந்த மிகப் பெரிய அலை எதுவரை ஏறியது என்பதைக் கொண்டு இடத்தைத் தேருங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பகுதிக்கு எச்சரிக்கை விடுத்த நாளில் வீட்டில் இருந்து முடிச்சுக் கட்டிப் பழகலாம். ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகல் இடியும் அப்படியே. கார்பன் தடி மின்னலுக்கு நல்ல பாதை, முதல் முழக்கத்திலேயே அதைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

ஒன்றுமே தட்டவில்லை

இந்தக் குறைக்குத்தான் ஆட்கள் அதிகம் பணம் செலவழிக்கிறார்கள், இதற்குத்தான் பணம் மிகக் குறைவாக உதவுகிறது. முதலில் கேட்க வேண்டியது, எவ்வளவு தூரம் எறிகிறீர்கள் என்பது. எழுபது மீற்றருக்கு அப்பால் வெறும் மணல் தரையில் இரையைப் போட்டுவிட்டு, காலடியில் கற்களோரம் நண்டும் சிறு மீனும் மேயும் நுரைப் பட்டையைத் தாண்டி நிற்கிறவர்கள் நம்மில் பலர். கற்கரையில் பாரையும் கலவாயும் ஓராவும் இரை தேடி வருவது அந்தக் கற்களுக்குத்தான். முதல் இருபது முப்பது மீற்றருக்குள், கறுத்த பட்டையும் வெண்ணுரையும் சந்திக்கும் ஓரத்தில் போட்டுப் பாருங்கள். அப்படிப் போடுவதால் ஈயமும் குறைவாகவே போகும்.

அடுத்தது நேரம். நடுப்பகல் வெயிலில் தெளிந்த நீரில் நின்று காத்திருப்பதைவிட, விடியலின் முதல் ஒரு மணி நேரமும் மாலை ஆறு மணியை ஒட்டிய ஒரு மணி நேரமும் பலன் தரும். கொழும்பில் சூரியன் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே எழுந்து மறைவதால் இதை நினைவில் வைப்பது எளிது. வற்றுப்பெருக்கைப் பற்றிப் பிறநாட்டு நூல்களில் படித்தவர்கள் இங்கே ஏமாறுவார்கள். பல மீற்றர் உயர்ந்து தாழும் கரைகளுக்கு எழுதியவை அவை. கொழும்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீற்றரை எட்டுவதில்லை. இருந்தாலும் நீர் ஏறத் தொடங்கும் வேளை, வற்றி நிற்கும் வேளையைவிட நல்லது. அந்தச் சிறு வேறுபாடும் அதிகமாக இருப்பது பௌர்ணமி, அமாவாசை நாட்களை ஒட்டி; சுவரில் தொங்கும் போயா நாட்காட்டியே அதற்குப் போதும்.

மூன்றாவது நீரின் நிறம். பெருமழைக்குப் பின் களனி கங்கை முகத்துவாரத்தில் செந்நிற நீரைக் கொண்டுவந்து கொட்டும்; வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்களும் தம் பங்குக்கு நகரத்து அழுக்கைச் சேர்க்கும். கலங்கல் நீருக்குள்ளேயே போடாமல், கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோட்டில் போடுவது முறை. இரை தேடும் மீன் அந்த எல்லையில் உலாவும். வாசமுள்ள சாளை இரை அந்நாட்களில் கணவாயைவிட நன்றாக வேலை செய்யும். கால்வாய் வாயிலில் கிடைத்த மீனை உண்பதா என்பது உங்கள் விருப்பம், நான் உண்பதில்லை.

இவ்வளவும் செய்தும் தட்டாவிட்டால், முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஐம்பது அடி நகருங்கள். இரண்டு தடி வைத்திருப்பவர் நகரச் சோம்பற்படுவார்; ஒரு தடி வைத்திருப்பவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. துறைமுகத்தை ஒட்டிய பாதுகாப்புப் பகுதிகளில் மட்டும் தடியோடு அலைய வேண்டாம்.

றீல் கிறீச்சிடுகிறது, அல்லது இறுகிவிட்டது

உப்பும் மணலும். வீட்டுக்கு வந்ததும் டிராக்கை இறுக்கி மூடிவிட்டு, குழாயின் கீழ் மெல்லிய நன்னீர்த் தூவலில் கழுவி, உலர்ந்த பின் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். வாளியில் அமிழ்த்துவதும் அழுத்தமான நீரைப் பீய்ச்சுவதும் உப்பை உள்ளே தள்ளும். நூலுருளைக்கும் கைப்பிடி மூட்டுக்கும் மாதம் ஒரு துளி எண்ணெய் போதும். தடியின் இரு துண்டுகள் பிரிய மறுத்தால் முறுக்காதீர்கள். தடியை முழங்கால்களுக்குப் பின்னால் பிடித்து, கைகளை முழங்கால்களின் வெளிப்புறத்தில் வைத்து, கால்களை அகற்றினால் நேரான விசையில் கழலும். பொருத்துமுன் மெழுகுதிரியால் தேய்த்துவிட்டால் மறுமுறை இறுகாது.

கழற்றும்போது மீன் குத்திவிட்டது

கெளிற்றின் முதுகிலும் இரு பக்கத்திலும் உள்ள முட்கள், ஓரா, ஒட்டி ஆகியவற்றின் முதுகு முட்கள், திருக்கையின் வால் முள் எல்லாம் நஞ்சுள்ளவை. அடையாளம் தெரியாத மீனை வெறுங்கையால் பிடிக்காமல், ஈரத்துணியால் தலையை அழுத்தி, நீண்ட குறட்டால் கொளுக்கியைக் கழற்றுங்கள். கழலாவிட்டால் நூலை வெட்டிவிடலாம். கொளுக்கியின் விலையைவிட விரல் பெரிது. குத்தினால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில், ஏறத்தாழ 45 பாகை செல்சியசில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அந்த இடத்தை அமிழ்த்தி வைப்பது வலியைத் தணிக்கும். நோகும் கைக்குச் சூடு சரியாகத் தெரியாது என்பதால், நீரின் சூட்டை மற்றக் கையால் பார்த்துக்கொள்ளுங்கள். கரையோரத் தேநீர்க் கடைகளில் வெந்நீர் எப்போதும் இருக்கும், கேட்டால் தருவார்கள். முள் முறிந்து உள்ளே இருந்தாலும், வீக்கம் ஏறினாலும், திருக்கை குத்தியிருந்தாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும். கொளுக்கி அதன் எதிர்முள் வரை விரலில் இறங்கிவிட்டால் நூலை வெட்டிவிட்டு, இழுக்காமல், அப்படியே வைத்தியரிடம் காட்டுங்கள்.

கையில் எடுத்ததும் வயிறு பந்துபோல் உப்பினால் அது பேத்தை. அதன் ஈரலிலும் முட்டையிலும் உள்ள நஞ்சு சமைத்தாலும் அழியாது. கொளுக்கியைக் கழற்றி, நீருக்கு அருகே குனிந்து, உயிரோடு கடலிலேயே விட்டுவிடுங்கள். கல்லின் மேல் எறிந்துவிட்டுப் போனால் அங்கே சுற்றும் பூனையோ நாயோ தின்றுவிடும்.